ஹாலாங் விரிகுடாவுக்கு ஒருநாள் பயணம்: காரைக்குடிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஐப்பசியில் எங்கள் வீட்டார் பதினொரு பேர் வியட்நாம் போய் வந்தோம். ஆத்தாவுக்கு 71 வயது, தம்பி மகனுக்கு ஒன்பது. திரும்பியதிலிருந்து கல்யாணப் பந்தியிலும் கோயில் பிரகாரத்திலும் போனிலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். எந்த ஏஜென்டுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆத்தா அந்த மூங்கில் படகில் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்த பிறகு, நம் வீட்டுப் பெரியவர்களை முடிந்தவரை அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு விவரம்.

ஹாலாங் ஹாலாங்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்னதான் இருக்கு அங்கே?

வியட்நாமின் வடகிழக்குக் கரையில் இருக்கும் விரிகுடா அது. 1,553 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,969 தீவுகள். தீவு என்றதும் நமக்குப் பாம்பன் மாதிரி மணலும் பனைமரமும் மனதில் வரும். இது வேறு. கடலுக்குள்ளிருந்து சுவர் எழுப்பியதுபோல நேராக நிற்கும் பாறைகள், உச்சியில் மட்டும் பச்சை. பெரும்பாலானவற்றில் ஆள் நடமாட்டமே கிடையாது. பச்சைத் தண்ணீரில் படகு போகப் போக, ஒரு பாறை விலகினால் பின்னால் இன்னொன்று தெரியும், அதற்குப் பின்னால் இன்னொன்று.

அத்தனையும் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் பல கோடி ஆண்டுகளாக அதைக் கரைத்துப் பள்ளமும் குகையுமாக அறுத்தது. பிறகு கடல் மட்டம் ஏறி, பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, மேடுகள் தீவுகளாக நின்றுவிட்டன. ஹாலாங் என்றால் ‘இறங்கும் டிராகன்’. பகைவரை விரட்ட வானத்திலிருந்து தாய் டிராகன் குட்டிகளோடு இறங்கி வந்து, வாயிலிருந்து முத்துகளை உமிழ்ந்தது, அவைதான் தீவுகளாயின என்று ஊர்க்கதை சொல்கிறார்கள். யுனெஸ்கோ 1994-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2023-இல் பக்கத்துக் காட் பா தீவுக்கூட்டத்தையும் அதோடு இணைத்தது.

ஒருநாள் பயணம்னா, இங்கேருந்து போயிட்டு ஒரே நாள்ல வந்துரலாமா?

இல்லை. ஒருநாள் என்பது ஹனோயிலிருந்து கணக்கு. ஹனோய் வியட்நாமின் தலைநகரம். அங்கே ஹோட்டலில் தங்கி, காலையில் வேனில் கிளம்பி, விரிகுடாவில் படகேறி, இரவு அதே ஹோட்டலுக்குத் திரும்புவது. காரைக்குடியிலிருந்து மொத்தமாகக் குறைந்தது ஐந்து நாள் ஒதுக்குங்கள்.

நமக்குப் பக்கம் திருச்சி விமான நிலையம், காரில் இரண்டு மணி நேரம். வியட்ஜெட் 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் சைகோனுக்கு, நேரடி விமானம் தொடங்கியது. அங்கிருந்து ஹனோய்க்கு உள்நாட்டு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இல்லையென்றால் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போகலாம். விமான நாட்கள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும்.

விசா உண்டா? எங்க பேருக்கு முன்னால நாலு இனிஷியல் இருக்கே ஆச்சி, தகராறு வருமா?

விசா கட்டாயம். வியட்நாம் அரசின் இணையதளத்திலேயே இ-விசா எடுக்கலாம். ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், 90 நாள் வரை கிடைக்கும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் வைத்துக்கொண்டு கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு, கவனம்.

இனிஷியல் விஷயம் உண்மையிலேயே தொல்லைதான். நம்மில் பலருக்கு வீட்டு விலாசமே இனிஷியலாக இருக்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பாங்கில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. விசாவுக்கு ஒரே வழி: பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் கடைசி இரண்டு வரிகளில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்து, அதே வரிசை. விமான டிக்கெட்டிலும் அதுவே. எங்கள் பெரியப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதால் மறுபடியும் பணம் கட்டி விண்ணப்பித்தோம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்ததால் தப்பித்தோம்.

காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ராத்திரி எப்போ வந்து சேருவோம்?

எட்டு மணி வாக்கில் வேன் ஹோட்டலுக்கே வரும். நான்கைந்து ஹோட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். நடுவில் ஒருமுறை நிறுத்துவார்கள். பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் துவான் சாவ் துறையிலோ பாய் சாய் பக்கத்துத் துறையிலோ படகேறுவோம். ஏறியதும் சாப்பாடு. அப்புறம் சுங் சோட் குகை, லுவோன் குகை, தி தோப் தீவு. இருட்டும் நேரத்தில் கரை. எங்களுக்கு ஹனோய் வந்து சேர எட்டரை ஆனது. அன்று இரவு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருத்தர் 30 டாலர்ங்கிறார், இன்னொருத்தர் 55-ங்கிறார். அதே இடம்தானே, எதுக்கு இவ்வளவு வித்தியாசம்?

அதே இடம் இல்லை. விலையைக் கேட்பதற்கு முன், தண்ணீரில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். குறைந்த விலைக்குப் பெரும்பாலும் நான்கு மணி நேரப் படகுதான் கிடைக்கும். அது கரைக்குப் பக்கத்திலேயே சுற்றி, தியென் குங் குகையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். அந்தக் குகையும் அழகுதான். ஆனால் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் தீவுகளுக்கு நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரம்தான், வேனில் உட்கார்ந்திருப்பது ஐந்து மணி நேரம். ஆறு மணி நேரப் படகுதான் சுங் சோட், லுவோன், தி தோப் என்று உள்ளே போகும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நான்கு மணி நேரப் படகில் ஏறுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இன்னும் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: படகின் பெயர், எத்தனை பேர் ஏறுவார்கள், விரிகுடா நுழைவுச்சீட்டும் மூங்கில் படகும் அதே பணத்தில் அடக்கமா. எங்களுக்கு முன்பதிவு செய்து தந்தவர் படத்தில் காட்டிய படகு ஒன்று, துறையில் வந்து நின்றது வேறொன்று. பெயரை எழுதி வாங்காததால் எங்களால் வாதாட முடியவில்லை. படகு மோசமில்லை. ஆனாலும் கொடுத்த பணத்துக்கு அது இல்லை.

எந்த மாசம் நல்லது? பிள்ளைகளுக்கு மே மாசம்தான் லீவு.

அக்டோபர், நவம்பர்தான் முதல் தரம். வானம் தெளிந்திருக்கும், வெயில் சுடாது. அடுத்தது ஏப்ரல். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தூறலும் மூடுபனியுமாக இருக்கும், நம் உடம்புக்கு நல்ல குளிர். சில நாள் எதிரே உள்ள தீவே தெரியாது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் புயல் காலம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மே மாதம் போகலாம். நம் கத்திரி வெயிலில் பழகிய பிள்ளைகளுக்கு அந்தச் சூடு பெரிதில்லை. புழுக்கம் இருக்கும், இடிமழை வந்து போகும். தொப்பியும் குடிதண்ணீரும் மறக்கக் கூடாது. பள்ளிக்கு நாலு நாள் லீவு சொல்ல முடிந்தால், தீபாவளி லீவை ஒட்டிப் போவது இன்னும் நல்லது.

கடல்ல படகு ஆடுமே, வாந்தி வராதா?

இந்தப் பயணத்தில் அந்தக் கவலை குறைவு. ஆயிரக்கணக்கான தீவுகள் சுற்றிலும் அணைபோல நிற்பதால் அலை உள்ளே வருவதில்லை. நல்ல நாளில் ஊருணித் தண்ணீர் மாதிரி கிடக்கும். தம்ளரில் வைத்த காப்பி தளும்பவில்லை. எங்கள் கூட்டத்தில் வாந்தி எடுத்தது ஒரே ஒருவர், அதுவும் வேனில். பஸ்ஸில் ஒத்துக்கொள்ளாதவர்கள் கிளம்பும் முன் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்.

எங்க அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, படியே ஏற மாட்டாங்க. கூட்டிட்டுப் போறது சரியா வருமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் எங்கே இறங்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சுங் சோட் குகைக்கு வாசலை அடையவே ஐம்பது படிக்கு மேல் ஏற வேண்டும். உள்ளே சுமார் அரை கிலோமீட்டர் பாதை, ஏற்றமும் இறக்கமுமாகப் போகும். ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியே வருவதால், நடுவில் முடியவில்லை என்று திரும்பினால் வரும் கூட்டத்துக்கு எதிரே நடக்க வேண்டும். தி தோப் தீவின் உச்சிக்கு நானூறுக்கு மேல் படிகள். நான் சொல்லும் கணக்கு இதுதான்: குன்றக்குடி மலையை நிற்காமல் ஏறுபவர் சுங் சோட்டுக்குள் போகலாம். ஏறிய பிறகும் மூச்சு வாங்காதவர் தி தோப் உச்சிக்குப் போகலாம்.

ஆத்தா இரண்டுக்கும் வரவில்லை. குகை நேரத்தில் படகின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துணைக்கு என் தங்கை இருந்தாள். தி தோப்பில் கீழே சின்னக் கடற்கரை உண்டு. அங்கே இறங்கி மரநிழலில் இருந்தார். ஹோ சி மின்னோடு 1962-இல் அந்தத் தீவுக்கு வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் திதோவின் சிலை அங்கே நிற்கிறது. அவர் பெயர்தான் வியட்நாமியர் நாக்கில் தி தோப் ஆயிற்று. அந்தக் கதையை வழிகாட்டிப் பையன் ஆத்தாவிடம் ஆங்கிலத்தில் சொல்ல, என் மகள் தமிழில் சொன்னாள்.

உண்மையான சிரமம் படியில் இல்லை, படகு மாறுவதில்தான். பெரிய படகு தீவுக்குப் பக்கத்தில் வராது. சின்னப் படகுக்கு மாறிக் கரைக்குப் போக வேண்டும். அப்போது இரண்டு படகும் ஒன்றுக்கொன்று ஆடும், ஒரு அடி உயரம் தாண்ட வேண்டியிருக்கும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கையைப் பிடித்தால் போதும். படகுக்காரர்கள் தாங்களாகவே கை கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாங்க சுத்த சைவம். நாள் பூரா பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் பட்டினிதான். படகுச் சாப்பாட்டில் இறால், கணவாய், மீன், சிப்பி என்று வரிசையாக வரும். உருட்டிப் பொரித்த ரோலுக்குள் பன்றிக்கறி இருக்கும். காய்கறியில்கூட மீன்சாறு ஊற்றுவார்கள். ‘நுவோக் மாம்’ என்ற அந்தச் சாறு அவர்களுக்கு நம் புளித்தண்ணீர் மாதிரி, எதிலும் விழும். அதனால் ‘காய்கறி மட்டும்’ என்று சொல்வது போதாது. ‘ஆன் சாய்’ என்று சொல்லுங்கள். அங்கே புத்த மதத்தார் விரதத்துக்குச் சாப்பிடும் சைவம் அது, மீன்சாறும் சேராது. நம் வீடுகளில் அமாவாசைக்குக் கவுச்சி சேர்க்காததுபோல, அவர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அதனால் சொன்னவுடன் புரிந்துகொள்கிறார்கள், முகம் சுளிப்பதில்லை.

முன்பதிவின்போதே சொல்லி, முதல் நாள் இரவு ஒருமுறை நினைவுபடுத்தி, வேன் ஏறியதும் வழிகாட்டியிடம் மூன்றாவது முறை சொன்னோம். சோறு, டோஃபு வறுவல், பூண்டு போட்டு வதக்கிய கீரை, பழம் வந்தன. அந்தக் கீரை நம் குளத்தோரம் படரும் வள்ளைக்கீரைதான். ஆத்தா தண்டை ஒடித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். நம் காரத்துக்கு எல்லாமே சப்பென்று இருக்கும்.

அப்போ கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயிரலாமே?

ஹனோயில் நீங்கள் தங்குவது ஹோட்டல், அடுப்பு கிடையாது. இங்கிருந்து புளியோதரை கட்டினால் விமானமும் வெயிலும் சேர்ந்து ஒன்றரை நாளில் கெட்டுவிடும். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஒரு சின்ன டப்பா ஊறுகாய் கொண்டு போங்கள். படகுச் சோற்றில் பொடியைப் பிசைந்தால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடும். கைமுறுக்கு, தேன்குழல், மாவுருண்டை எத்தனை இருந்தாலும் தீர்ந்துவிடும். எங்கள் சீப்புச்சீடையைப் படகுச் சமையல்காரம்மா ஒரு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கை கேட்டார். குடிக்க வெளியிலிருந்து கொண்டுவந்தால் சில படகுகளில் காசு கேட்பார்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை விரிகுடாவில் 2019 முதல் தடுக்கிறார்கள். எவர்சில்வர் சம்புடம்தான் சரி.

நீச்சல் தெரியாது. மூங்கில் படகில ஏறலாமா? கயாக் எப்படி?

லுவோன் குகைக்கு வந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கயாக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து நாமே துடுப்புப் போட வேண்டும். கை வலிக்கும், கவிழ்ந்தால் தண்ணீரில்தான். மூங்கில் படகை அந்த ஊர்க்காரர் ஓட்டுவார், நமக்கு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. எதில் ஏறினாலும் மிதவை உடுப்பு மாட்டாமல் விடமாட்டார்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூங்கில் படகுதான்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பாறைச் சுவரின் அடியில் தாழ்வான ஒரு வளைவு, அறுபது மீட்டர் நீளம் இருக்கும். நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து குளுகுளுவென்று ஆகிவிடும். தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விழும். ஓரத்துப் பாறையில், ஏற்றவற்றம் தொட்ட உயரம் வரை சிப்பி அப்பியிருக்கும். அங்கே நம் பக்கம் போல இரண்டு ஏற்றம் இல்லை, பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். அந்தப் பக்கம் வெளியே வந்தால் நான்கு புறமும் பாறை சூழ்ந்த வட்டக் குளம், மேலே வானம். துடுப்பை நிறுத்தியதும் எல்லாரும் தாமாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆத்தா எட்டிப் பாறையைத் தொட்டுத் தடவிப் பார்த்து, “நம்ம வளவுச் சுவத்துக்கு அரைச்ச சுண்ணாம்புதான் இது, இன்னும் நீத்தல” என்றார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவரைத் தொட்டு வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்!

பாத்ரூம் வசதி உண்டா?

படகிலும் உண்டு, வழியில் வேன் நிற்கும் இடத்திலும் உண்டு. உட்காரும் வகை, தண்ணீர்க் குழாயும் இருந்தது. தீவில் இறங்கும் முன் படகிலேயே போய்வந்துவிடுவது நல்லது.

ரூபாய் செல்லுமா? கையில எவ்வளவு வச்சுக்கணும்?

ரூபாய் செல்லாது. டாலராகக் கொண்டுபோய் ஹனோயில் டாங்காக மாற்றுங்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். மூன்று சைபரை எடுத்துவிட்டு மூன்றேகாலால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும். அன்றைய நாளுக்குப் படகுப் பணம் கட்டியாயிற்று என்றால் குடிப்பதற்கும் வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் கொடுப்பதற்கும் தலைக்கு மூன்று லட்சம் டாங் போதும். லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம், ஆயிரம் ரூபாய்தான்.

20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலச்சாயல். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடும். பெரியவர்கள் கையில் பெரிய நோட்டைக் கொடுத்துவைக்காதீர்கள். 200,000 நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஹாலாங்கின் தூபக்கால் பாறை அச்சாகியிருக்கும். படகு அந்தப் பக்கம் போனால் நோட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் போட்டோ எடுப்பார்கள்.

நடுவில ஒரு கடையில இறக்கிவிட்டுட்டு அரை மணி நேரம் நிறுத்திட்டாங்களாமே. வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். முத்து, பூவேலைத் துணி, கல் சிலை விற்கும் பெரிய கடை அது. கால் நீட்டிக்கொள்ள, பாத்ரூம் போக இறங்குங்கள். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. முத்து வாங்க ஆசையிருந்தால் விலையை ஹனோயில் விசாரித்துவிட்டு வாங்கலாம்.

சேலை கட்டிட்டுப் போகலாமா ஆச்சி?

ஆத்தா சேலைதான் கட்டியிருந்தார். நூல்சேலை, கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டால் படகு மாறும்போது தடுக்காது. பட்டு வேண்டாம். செருப்பு பின்பக்கம் வார் வைத்ததாக இருக்கட்டும். குகைத்தரை ஈரம், ரப்பர் செருப்பு வழுக்கும்.

ஒரு ராத்திரி படகிலேயே தங்குறதுதான் நல்லதுங்கிறாங்களே?

காசும் நாளும் இருந்தால் நல்லதுதான். விடிகாலையில் தீவுகளுக்கு நடுவில் கண் விழிப்பது வேறு அனுபவம் என்று போனவர்கள் சொல்கிறார்கள். ஆனால் செலவு இரண்டு மூன்று மடங்கு. சாப்பாட்டுப் பிரச்சினையும் ஒரு வேளைக்குப் பதில் நான்கு வேளை. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கலந்த பெரிய கூட்டத்துக்கு ஒருநாள் பயணம் போதும்.

கூட்டம் இல்லாத இடம் ஏதாவது சொல்லுங்க.

லான் ஹா விரிகுடா. ஹாலாங்குக்குத் தெற்கே, காட் பா தீவை ஒட்டி இருக்கிறது. அதே பாறை, அதே பச்சைத் தண்ணீர், படகுகள் குறைவு. வடகிழக்கே பாய் து லோங் விரிகுடாவும் அமைதியான இடம். இரண்டுக்கும் ஒருநாள் படகுகள் உண்டு, கிளம்பும் துறையும் வேன் நேரமும் மட்டும் வேறு. சுங் சோட் குகை பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு லான் ஹாவையே சொல்வேன். மிதக்கும் மீனவக் கிராமம் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஹாலாங்கில் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலோரை 2014-இல் கரைக்குக் குடியேற்றிவிட்டார்கள். இப்போது பெரும்பாலும் பார்வைக்கு வைத்த மிதவை வீடுகள்தான்.

அங்கே படகு கவிழ்ந்து நிறையப் பேர் செத்துப்போனாங்களே. பயமா இருக்கு.

பயம் நியாயமானது. 2025 ஜூலை 19 அன்று மதியம் திடீரென்று வந்த சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில் யாகி புயல் வந்தபோது கட்டிவைத்திருந்த படகுகளே பல மூழ்கின. ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

நல்ல மாதத்திலும் மூன்று காரியம் செய்யுங்கள். ஏறியவுடன் மிதவை உடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிள்ளைகள் அளவில் உண்டா என்று கேளுங்கள். சாப்பிடும் அறையிலிருந்து வெளியே வர எத்தனை வழி என்று பாருங்கள். வானம் கறுத்துக் காற்று மாறினால், கதவு சாத்திய அறைக்குள் போய் உட்காராமல், உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் இருங்கள். படகுக்காரர் கரைக்குத் திருப்புகிறேன் என்றால், கொடுத்த காசு என்ன ஆவது என்று அவரோடு சண்டை போடக் கூடாது.

காலையில வந்து ‘இன்னிக்குப் படகு விட மாட்டாங்க’ன்னு சொல்லிட்டா? பணம் போச்சா?

காற்று பலமாக இருந்தால் துறைமுக அதிகாரிகளே படகுகளை நிறுத்திவிடுவார்கள், ஏஜென்ட் கையில் எதுவும் இல்லை. அப்படி நிறுத்தினால் முழுப்பணமும் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை முன்பதிவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வழியில் நிறுத்தினால் என்ன கணக்கு என்பதையும் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், ஹாலாங்கை ஹனோயில் தங்கும் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளிலேயே வைத்தால், தவறினால் அடுத்த நாள் போகலாம். அடுத்த நாளும் இல்லையென்றால் நின் பின் இருக்கிறது. ஹனோயிலிருந்து சுமார் 95 கிலோமீட்டர். அங்கே ட்ராங் ஆனில் இதே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஆற்றில் துடுப்புப் படகில் போகலாம். கடல் காற்று அங்கே பிரச்சினை இல்லை.

எங்க ஐயா சைகோன்ல கடை வச்சிருந்தாராம். அதே நாள்ல அந்தக் கோயிலையும் கும்பிட்டுறலாமா?

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். ஒரே நாளில் முடியாது. ஹாலாங் வடக்கே, சைகோன் தெற்கே. ஹனோய்க்கும் சைகோனுக்கும் நடுவில் விமான வழியிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஒரே பயணத்தில் முடியும். நான் கேட்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும் திட்டம் இது: திருச்சியிலிருந்து சைகோனில் இறங்கி இரண்டு நாள், அங்கிருந்து ஹனோய் போய் மறுநாளே ஹாலாங், ஒரு நாள் கையிருப்பு, பிறகு ஊர். மொத்தம் ஏழு நாள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் நகரத்தார் கொண்டுவிற்கப் போன ஊர்களில் சைகோனும் ஒன்று. அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் நகரின் நடுவே தோன் தாத் தியெப் தெருவில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் துரோங் தின் தெருவில். இரண்டும் பக்கத்துப் பக்கம்தான், டாக்ஸியில் சில நிமிடம். மாரியம்மன் கோயிலில் வியட்நாமியப் பெண்கள் கை நிறைய ஊதுபத்தி பிடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பழைய கணக்கு நோட்டோ கடிதமோ இருந்தால் அதில் உள்ள தெருப்பெயரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தெருக்களுக்கு இப்போது வியட்நாமியப் பெயர்கள், ஆனால் பழைய பிரெஞ்சுப் பெயரைச் சொன்னால் பொருத்திப் பார்க்கலாம். எங்கள் பெரியப்பா அப்படி ஒரு கடித உறையோடு வந்து, அந்தத் தெருமுனையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.